விருந்தாளிக்குத் தனிக் கதவு வேண்டுமா?

ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரைக் குடிவைப்பது இப்போது சுலபம். அதற்குத் தெருவில் தனி விலாசம் வாங்கித் தருவதா, வேண்டாமா என்பதுதான் கேள்வி.

கம்ப்யூட்டர் நிபுணர்களின் ஆங்கிலத்தில் விருந்துபசார வாடை சற்று அதிகம். ஒரு கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேரின் தயவில் இன்னொரு கம்ப்யூட்டர் இயங்கினால், வெளியே இருப்பதற்கு ‘ஹோஸ்ட்’ என்று பெயர்; உள்ளே இருப்பதற்கு ‘கெஸ்ட்’. வீட்டுக்காரர், விருந்தாளி. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இப்படிப்பட்ட ஜோடிச் சொற்கள் வரப்பிரசாதம். தமிழில் விருந்து என்ற சொல்லுக்கு ஆதியில் புதுமை என்றுதான் அர்த்தம். முன்பின் தெரியாமல் வாசலில் வந்து நிற்கும் புதியவர்தான் விருந்தினர். வள்ளுவர் அவரை உபசரிப்பதற்காக ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ஐரோப்பியர்கள் கொஞ்சம் உஷார். ஆங்கிலத்தின் ‘கெஸ்ட்’டும், லத்தீனில் பகைவனைக் குறிக்கும் ‘ஹோஸ்டிஸ்’ என்ற சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. வந்தவன் நண்பனா, பகைவனா என்பது சாப்பாடு போட்ட பிறகுதான் தெரியும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

கம்ப்யூட்டர் விஷயத்தில் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான்.

‘வர்ச்சுவல் மெஷின்’ என்று இதைச் சொல்கிறார்கள். மெய்நிகர் எந்திரம் என்பது நாம் செய்துகொண்ட தமிழ். யோசனை புதிதல்ல. 1967-லேயே அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வு மையத்தில் ஒரே பெரிய எந்திரத்தைப் பல எந்திரங்களாகக் காட்டும் ஏற்பாடு இயங்கியது. ஒரு கம்ப்யூட்டர் ஒரு கட்டடத்தின் விலை விற்ற காலம் அது. பத்துப் பேர் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு முழு எந்திரம் இருப்பதுபோலத் தோன்ற வேண்டும். 1999-ல் விஎம்வேர் நிறுவனம் இந்த வித்தையைச் சாதாரண மேஜைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது. பிறகு விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச சாஃப்ட்வேர்கள் வந்தன. இன்று கல்லூரி மாணவர் ஒருவர் தன் லேப்டாப்பில் விண்டோஸுக்குள் லினக்ஸை அரை மணி நேரத்தில் குடிவைத்துவிடுகிறார்.

மாணவருக்குச் சரி, மற்றவர்களுக்கு எதற்கு? இந்திய மொழிகளில் எழுதிப் பிழைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. 1990-களில் தமிழையும் இந்தியையும் மராத்தியையும் கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் நம் எழுத்துகளை உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வரிசை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்தால் கவிதையும் கணக்கும் ஒன்றுபோல ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். யூனிகோட் 1991-லேயே வந்துவிட்டது. ஆனால் விண்டோஸ் இந்தியையும் தமிழையும் யூனிகோடில் காட்ட 2000-ம் ஆண்டுப் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஆயிரக்கணக்கான புத்தகங்கள் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டப்பட்டுவிட்டன. வெறும் எழுத்தை யூனிகோடுக்கு மாற்றித்தரச் சாஃப்ட்வேர்கள் உண்டு. கட்டி முடித்த பக்கத்தைக் கலையாமல் பார்க்க வேண்டுமானால் அதே பேஜ்மேக்கரும், அதே எழுத்துருவும், அவை பழகிய பழைய விண்டோஸும் வேண்டும். பழைய எந்திரங்கள் காயலான் கடைக்குப் போய்விட்டன. அதனால்தான் புதிய கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர்.

டெல்லியில் என் நண்பர் ஒருவர் ஐந்து மொழிகளில் அச்சுக்குப் பக்கம் கட்டித்தரும் சிறிய அலுவலகம் நடத்துகிறார். இருபத்தைந்து வருடப் புத்தகங்கள் அவரிடம் கோப்புகளாக இருக்கின்றன. மறுபதிப்பு கேட்டு யாராவது வந்தால் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் மெய்நிகர் எந்திரத்தைத் திறந்துதான் வேலை. ஆனால் இரண்டு தொல்லைகள். உள்ளே இருக்கும் எக்ஸ்பியிலிருந்து தேடினால் அலுவலகத்தின் பொதுப் பிரிண்டர் தென்படவில்லை. மற்ற மேஜைகளிலிருந்து தேடினால் எக்ஸ்பி தென்படவில்லை. கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் இளைஞரை அழைத்தார். வந்தவர் இரண்டு நிமிடத்தில் நோயைச் சொல்லிவிட்டார்.

“சார், இது நாட்டுல இருக்கு. பிரிட்ஜுக்கு மாத்திட்டா எல்லாம் சரியாயிடும்.”

“நாட்டுலதானேப்பா இருக்கணும்? வேற எங்க போகும்?” என்று கேட்டாராம் நண்பர்.

அவர் கேட்டது வேடிக்கைக்கு. ஆனால் அந்த ஒரு சொல் மாற்றத்தில் என்ன நடக்கிறது என்பது வேடிக்கையான சமாசாரம் அல்ல.

மெய்நிகர் எந்திரத்தின் நெட்வொர்க் அமைப்பைத் திறந்தால் முக்கியமாக மூன்று வழிகள் தெரியும். முதலாவது, நாட். விலாச மாற்றம் என்று பொருள். இதில் விருந்தாளிக்கு வெளியுலகில் பெயர் கிடையாது. விர்ச்சுவல்பாக்ஸில் அதற்கு வழக்கமாக 10.0.2.15 என்று ஓர் உள்வீட்டு எண் தரப்படும். அது இண்டர்நெட்டில் ஒரு பக்கம் கேட்டால் வீட்டுக்காரர் தன் பெயரில் கேட்டு வாங்கி உள்ளே கொடுப்பார். வெளியிலிருந்து யாரும் விருந்தாளியைக் கூப்பிட முடியாது. அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. இந்த முறை 1994-ல் வேறு ஒரு பஞ்சத்துக்காக வகுக்கப்பட்டது. இண்டர்நெட்டின் அன்றைய விலாச எண்கள் மொத்தமே சுமார் 430 கோடிதான். அவை தீர்ந்துவிடும் என்ற பயத்தில், ஓர் எண்ணை வைத்துக்கொண்டு பல எந்திரங்கள் பிழைக்கத் தற்காலிக ஏற்பாடாக இது முன்வைக்கப்பட்டது. 2011-ல் மத்தியக் களஞ்சியம் காலியானது. தற்காலிக ஏற்பாடு நம் வீட்டு இண்டர்நெட் பெட்டிகளில் நிரந்தரமாகிவிட்டது.

இரண்டாவது, பிரிட்ஜ். பாலம். இதில் விருந்தாளிக்குத் தெருவில் தனிக் கதவு. அலுவலகத்தில் விலாச எண்களை வழங்கும் பெட்டியிடம் அது நேராகப் போய்த் தனக்கென்று ஓர் எண் வாங்கிக்கொள்ளும். பிரிண்டருக்கும் பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டருக்கும் அது இன்னொரு நிஜமான கம்ப்யூட்டர்தான். வீட்டுக்காரருக்கும் அதற்கும் உள்ள உறவு வெளியில் தெரியாது.

மூன்றாவது, ஹோஸ்ட்-ஒன்லி. முற்றத்தோடு சரி. விருந்தாளியும் வீட்டுக்காரரும் பேசிக்கொள்ளலாம். இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்பி. அது வீட்டைத் தாண்டாது. இண்டர்நெட்டும் கிடையாது.

நண்பரின் இரண்டு தொல்லைகளும் முதல் வழியின் இயல்பு. பிரிண்டரைத் தேடும் கம்ப்யூட்டர் தெருவில் நின்று ‘யாராவது பிரிண்டர் இருக்கிறீர்களா?’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவுகிறது. நாட்டுக்குள் இருக்கும் விருந்தாளியின் கூவல் வீட்டுச் சுவரைத் தாண்டுவதில்லை. பாலம் போட்டால் தாண்டும். இளைஞர் சொன்னது தப்பே அல்ல.

பாலம் எப்படி வேலை செய்கிறது? ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் 48 பிட் நீளமுள்ள ஒரு எண் உண்டு. மேக் விலாசம் என்பார்கள். பொதுவாக ஒரு கார்டு தன் எண்ணுக்கு வரும் தகவலை மட்டும் எடுத்துக்கொள்ளும், மற்றவற்றைக் கண்டுகொள்ளாது. பாலம் போட்டதும், பிறர் பெயருக்கு வருவதையும் வாங்கும்படி வீட்டுக்காரரின் கார்டுக்குக் கட்டளை போகிறது. ஏனென்றால் விருந்தாளிக்கு ஒரு கற்பனைக் கார்டும் அதற்கு ஒரு தனி எண்ணும் தரப்பட்டிருக்கின்றன. நடுவில் இருக்கும் பாலச் சாஃப்ட்வேர் வரும் தபாலைப் பார்த்து, இது உள்ளே போகவேண்டியது, இது வீட்டுக்காரருக்கு என்று பிரிக்கிறது. யார் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பதை அதற்கு யாரும் சொல்லித்தருவதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து எந்த எண் பேசுகிறது என்று கவனித்துத் தானே குறித்துக்கொள்கிறது. கற்பனைக் கார்டின் எண்ணிலும் குலம் தெரியும். விர்ச்சுவல்பாக்ஸின் கார்டுகள் 08:00:27 என்று தொடங்கும். விஎம்வேருடையவை சில 00:50:56 என்று தொடங்கும். விவரமான நெட்வொர்க் நிர்வாகி பட்டியலைப் பார்த்ததும் யார் வீட்டில் விருந்தாளி என்று கண்டுபிடித்துவிடுவார்.

கண்டுபிடித்துக் கதவையும் சாத்திவிடுவார். பெரிய அலுவலகங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் ஒரு சுவர்த்துளைக்கு ஒரு கார்டு என்ற கட்டுப்பாடு உண்டு. பாலம் போட்டதும் ஒரே துளையிலிருந்து இரண்டு எண்கள் பேசத் தொடங்கும். சில ஸ்விட்சுகள் உடனே அந்தத் துளையையே மூடிவிடும். விருந்தாளியால் வீட்டுக்காரருக்கும் நெட்வொர்க் போச்சு. இதற்கு யாரையும் திட்டிப் பிரயோஜனமில்லை. அந்தக் கட்டுப்பாடு இதற்காகவே போடப்பட்டது.

வைஃபையில் வேறு கதை. வீட்டில் பாலம் போட்டுப் பார்த்து, ‘வேலை செய்யவில்லை’ என்று தலையில் கைவைப்பவர்கள் பெரும்பாலும் கம்பி இல்லாதவர்கள். வைஃபை பெட்டி தன்னிடம் பாஸ்வேர்டு சொல்லிப் பதிந்துகொண்ட கார்டோடு மட்டும்தான் பேசும். பதியாத எண்ணில் விருந்தாளி பேசினால் காது கொடுக்காது. இதற்காக விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை ஒரு தந்திரம் செய்கின்றன. விருந்தாளி அனுப்பும் தகவலில் வீட்டுக்காரரின் கார்டு எண்ணை ஒட்டி அனுப்புகின்றன. பதில் வந்ததும் உள்ளே இருக்கும் விலாச எண்ணைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கின்றன. பெயர் பாலம், நடப்பது பாதி ஆள்மாறாட்டம். சில இடங்களில் செல்லும், சில இடங்களில் செல்லாது.

லினக்ஸில் பாலம் போடுபவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. அங்கே கார்டைப் பாலத்தில் இணைத்தால் அதுவரை கார்டின் பெயரில் இருந்த விலாச எண்ணைப் பாலத்தின் பெயருக்கு மாற்ற வேண்டும். மறந்தால் வீட்டுக்காரரே தெருவில் காணாமல் போவார். எந்திரம் எதிரில் இருந்தால் பாதகமில்லை. வேறு ஊரிலிருந்து நெட்வொர்க் வழியாக அமைப்பை மாற்றுபவர், உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டிக்கொள்கிறார். கேபிளும் வைஃபையும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கும்போது இரண்டையும் ஒரு பாலத்தில் சேர்த்தால் அதைவிட மோசம். தகவல் ஒரு வழியாகப் போய் மறு வழியாகத் திரும்பி, சுற்றிச்சுற்றி வந்து அலுவலகத்தையே மூச்சுத்திணற வைக்கும். ஈதர்நெட்டில் பயணம் செய்யும் தகவலுக்கு ஆயுள் கணக்கு கிடையாது. நிறுத்துவதற்கு ஆள் இல்லாவிட்டால் அது பாட்டுக்குச் சுற்றும். இந்த நோய்க்கு 1985-ல் மருந்து கண்டவர் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தில் வேலைபார்த்த ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி. பாலங்கள் தங்களுக்குள் பேசி, சுற்று விழாதபடி சில வழிகளைத் தாங்களே அடைத்துக்கொள்ளும் முறை அது. தன் கண்டுபிடிப்பை விளக்க அவர் ஒரு சிறு கவிதையும் எழுதினார் என்பது இலக்கியம் படித்தவர்களுக்கு ஆறுதல்.

இவையெல்லாம் தொல்லைகள், சரிசெய்யலாம். நிஜமான ஆபத்து பாலம் ஒழுங்காக வேலை செய்யும்போதுதான் ஆரம்பிக்கிறது.

நண்பரின் அலுவலகத்தில் பாலம் ஒழுங்காகவே வேலை செய்தது. பிரிண்டர் கிடைத்தது. எல்லா மேஜைகளிலிருந்தும் எக்ஸ்பியின் கோப்புறை தெரிந்தது. இதற்கு அர்த்தம் என்ன? எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு ஒட்டுகள் தருவதை 2014 ஏப்ரல் 8-ம் தேதி நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் பெரும்பாலும் ஓட்டைகளாகவே இருக்கின்றன. அந்த எந்திரத்தை அலுவலகத்தின் எல்லாக் கம்ப்யூட்டர்களும் இப்போது நேராகத் தொடலாம். அந்த அலுவலகத்துக்குத் தினமும் யார் யாரோ பென் டிரைவோடு வருகிறார்கள்.

2017 மே மாதம் 12-ம் தேதி உலகம் இதைப் பார்த்தது. வான்னாக்ரை என்ற புழு, விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தும் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு எந்திரத்திலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சிக்கின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போடப்பட்டன. நம் நாட்டில் ஆந்திரப் போலீஸ் துறையின் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை. ஆதரவை நிறுத்தி மூன்று வருடமான எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஓர் ஒட்டு வெளியிட வேண்டியதாயிற்று. புழுவை யாரும் கிளிக் செய்து வரவேற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தெருவில் கதவு இருந்தது, அது வந்தது.

பழைய எக்ஸ்பி போனால் போகட்டும், அது கற்பனை எந்திரம்தானே என்று சிலர் சொல்வதுண்டு. விருந்தாளிக்கு நோய் வந்தால் வீடு தப்பும் என்று யார் சொன்னது? பாலத்தில் நிற்கும் விருந்தாளியிடமிருந்து வீட்டுக்காரருக்கும் வழி உண்டு, பக்கத்து மேஜைக்கும் உண்டு. நண்பரின் இருபத்தைந்து வருடப் புத்தகங்கள் இருப்பது அந்த மேஜைகளில்தான். அவற்றில் பலவற்றுக்கு அச்சுப் பிரதியே ஒன்றோ இரண்டோதான் மிச்சம். சிலவற்றின் ஆசிரியர்கள் இன்று இல்லை.

அப்படியானால் நாட் போதுமா? அதுவும் பாதிதான். வெளியிலிருந்து உள்ளே வருவதை நாட் தடுக்கிறது. உள்ளிருந்து வெளியே போவதைத் தடுப்பதில்லை. எக்ஸ்பிக்குள் பென் டிரைவ் வழியாகக் கிருமி வந்துவிட்டால், வீட்டுக்காரரின் பெயரிலேயே அது அலுவலகம் முழுக்கக் கதவு தட்டலாம். ஒட்டுகள் நின்றுபோன எந்திரத்துக்கு ஏற்றது மூன்றாவது வழி, முற்றம். கோப்பை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். அவர் வைரஸ் சோதனை செய்து பிரிண்டருக்கோ அடுத்த மேஜைக்கோ அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு வேலை கூடுதல். ஊழியர்கள் முணுமுணுப்பார்கள். நண்பரின் அலுவலகத்தில் இப்போதும் முணுமுணுக்கிறார்கள்.

விண்டோஸ் 98 வைத்திருப்பவர்களுக்குச் சிரமம் இன்னும் கொஞ்சம் அதிகம். வீட்டுக்காரரும் விருந்தாளியும் நெட்வொர்க் இல்லாமலே கோப்புறையைப் பகிர்ந்துகொள்ளும் வசதி விர்ச்சுவல்பாக்ஸில் உண்டு. ஆனால் 98-க்கு அது கிடையாது. 98-க்குத் தெரிந்ததோ பழைய பகிர்வு முறை மட்டும். வான்னாக்ரை நுழைந்த அதே முறை. 2017 இறுதியிலிருந்து புதிய விண்டோஸ் 10 பதிப்புகள் அதை வழக்கமாகப் பொருத்துவதில்லை. ‘மறுபடி போட்டுக்கொண்டால் போச்சு’ என்று யோசனை சொல்ல ஆள் கிடைப்பார்கள். விருந்தாளியின் சௌகரியத்துக்காக வீட்டுக்காரர் தன் தாழ்ப்பாளைக் கழற்றிவைப்பது அது. எஃப்.டி.பி. என்ற பழைய கோப்பு அனுப்பும் வழி 98-க்குள்ளேயே இருக்கிறது. முற்றத்துக்குள் அது தாராளமாகப் போதும்.

இவ்வளவும் சொன்னதால் பாலமே கூடாது என்று அர்த்தமில்லை. சில விருந்தாளிகள் வருவதே நாலு பேரைச் சந்திப்பதற்குத்தான். நாட்டில் பல நூலகங்கள் கோஹா என்ற இலவச சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகின்றன. நியூசிலாந்தில் பிறந்து 2000-ம் ஆண்டில் ஒரு நூலகத்தில் இயங்கத் தொடங்கியது அது. ஓடுவது லினக்ஸில். தனி சர்வர் வாங்க வசதியில்லாத சிறிய கல்லூரியில் நூலகரின் விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள்ளேயே லினக்ஸைக் குடிவைத்து அதில் கோஹாவை ஓட்டலாம். ஆனால் அட்டவணையைத் தேடும் மாணவர்கள் படிப்பறைக் கம்ப்யூட்டர்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாட்டுக்குள் வைத்தால் குறிப்பிட்ட வாசல்களைத் தனியாகத் திறந்துவிட வேண்டும். பாலம் போட்டு, மாறாத ஒரு விலாச எண்ணும் தந்துவிட்டால் அந்த நூலகம் நேராகத் தெருவில் நிற்கும். யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். அங்கே பாலம்தான் நியாயம். அதற்கு விலை, அந்த லினக்ஸை நிஜமான சர்வராகவே நடத்துவது: ஒட்டுகளைத் தவறாமல் போடுவது, தேவையில்லாத வாசல்களை மூடுவது, வலுவான பாஸ்வேர்டு வைப்பது, பிரதி எடுத்துவைப்பது. கற்பனை எந்திரம் என்ற சலுகை பாலத்தோடு முடிந்துவிடுகிறது.

வேறுபாடு இங்கேதான். நாட் என்றால் விருந்தாளி செய்வதெல்லாம் வீட்டுக்காரரின் பெயரில். பாலம் என்றால் விருந்தாளி ஊரில் ஒரு குடித்தனக்காரர்; அவர் தன்னைத்தானே காத்துக்கொள்ளத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் இளைஞர்கள் பாலத்தைச் சிபாரிசு செய்வது அவர்கள் சோம்பேறிகள் என்பதால் அல்ல. கூப்பிட்டவர் கேட்டது ‘பிரிண்டர் தெரியவில்லை’ என்ற கேள்வி மட்டும். அதற்குச் சரியான பதில் பாலம். ‘இந்தப் பழைய எந்திரத்தைத் தெருவுக்கு அனுப்பலாமா?’ என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு மெனுவில் பதில் இருக்காது.

எனவே அடுத்த முறை யாராவது ‘பிரிட்ஜுக்கு மாத்திட்டா சரியாயிடும்’ என்றால் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். இந்த விருந்தாளியை வெளியிலிருந்து யார் தேடி வரவேண்டும்? இதற்குப் பாதுகாப்பு ஒட்டுகள் இன்னும் வருகின்றனவா? யாரும் தேடி வரவேண்டியதில்லை என்றால் நாட். ஒட்டுகள் நின்றுவிட்டன என்றால் முற்றம். வருபவர்களும் உண்டு, ஒட்டுகளும் வருகின்றன, பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருக்கிறார் என்றால் மட்டும் தனிக் கதவு.

நம் பழைய எழுத்துருக்களும் அவற்றில் பூட்டிக் கிடக்கும் புத்தகங்களும் இன்னும் சில வருடங்களாவது இந்தப் பழைய எந்திரங்களை நம்பித்தான் பிழைக்க வேண்டும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றி முடிக்கும்வரை முதியவரை உள் அறையில் பத்திரமாக வைத்திருப்பது மரியாதைக் குறைவு அல்ல. உபசாரத்தில் அதுவும் சேர்த்திதான்.